214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647: இந்த நம்பர் ஏன் கண்ட இடத்துலயும் வந்து நிக்குது?

பிஹெச்பி, மைஎஸ்க்யூஎல் வெச்சு வெப்சைட் பண்ண ஆரம்பிச்ச நம்ம ஊர் ஆளுங்கள்ல நிறைய பேருக்கு இந்த நம்பர் அறிமுகமான விதம் ஒண்ணுதான். ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்ல மொபைல் நம்பர் கேட்டிருப்பாங்க, நம்பர்தானேன்னு டேட்டாபேஸ் டேபிள்ல அந்த காலமுக்கு (column) இன்டிஜர்னு, அதாவது முழு எண்ணுன்னு டைப் குடுத்திருப்பாங்க, நாலு பேர் ரிஜிஸ்டர் பண்ணப்புறம் உள்ள போய் பாத்தா நாலு பேருக்கும் ஒரே மொபைல் நம்பர், 2147483647. யாரோ வெளையாடறாங்கன்னு முதல்ல தோணும். அப்புறம் தேடிப் பாத்தாதான் தெரியும், அந்த டைப்ல அதுக்கு மேல நம்பரே கெடையாதுன்னு. நம்ம மொபைல் நம்பர் எல்லாம் 6, 7, 8, 9ல ஆரம்பிக்கற பத்து இலக்கம், அதாவது எவ்ளோ சின்னதா எடுத்தாலும் 600 கோடிக்கு மேல, டைப்போட கொள்ளளவோ 214 கோடி சொச்சம், அதனால பழைய மைஎஸ்க்யூஎல் எர்ரர் எதுவும் காட்டாம எல்லாத்தையும் அந்த உச்சத்துக்கு வெட்டி வெச்சுடும். 5.7 வெர்ஷன்லேருந்து ஸ்ட்ரிக்ட் மோடை டிஃபால்ட்டா வெச்சாங்க, இப்ப எர்ரராவது வருது. அமெரிக்காவுல கதை இன்னும் மோசம், அங்க 214ங்கறது டல்லாஸ் ஏரியா கோட், அதனால இந்த நம்பர் டேபிள்ல கெடந்தா பாக்கறதுக்கு ஒரு நெஜ டல்லாஸ் ஃபோன் நம்பர் மாதிரியே இருக்கும், பக்குன்னு யாருக்கும் சந்தேகமே வராது.

கோட் எழுதறவங்களுக்கு இது ஒரு சுவரு, முட்டிக்கற எடம், அவ்ளோதான். ஆனா கணக்குக்காரங்க இந்த நம்பரை கம்ப்யூட்டர் வர்றதுக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே பிடிச்சு வெச்சிருந்தாங்க, இது பகா எண்ணா இல்லையான்னு பெரிய பெரிய ஆளுங்க மண்டையை உடைச்சிருக்காங்க. கம்ப்யூட்டர் இந்த நம்பர்ல வந்து முட்டறதுக்கும் இது பகா எண்ணா இருக்கறதுக்கும் எந்த சம்பந்தமும் கெடையாதுங்கறதுதான் எனக்கு இதுல புடிச்ச விஷயம். ரெண்டும் தனித்தனி வழியில வந்து ஒரே நம்பர்ல விழுந்திருக்கு. இதைப் பத்தி எழுதற நெறைய எடத்துல ரெண்டையும் கலந்து, ஏதோ பகா எண்ணா இருக்கறதாலதான் கம்ப்யூட்டர்ல வெச்சாங்கங்கற மாதிரி சொல்லிடறாங்க, அது தப்பு.

முதல்ல நம்பரோட அமைப்பு. 2ஐ 31 தடவை பெருக்கினா 2147483648 வரும், அதுல ஒண்ணு கொறைச்சா நம்ம ஆளு. 0, 1 மட்டும் வெச்சு எழுதற பைனரியில எழுதினா வரிசையா முப்பத்தோரு 1, வேற எதுவும் இல்ல. இந்த மாதிரி 2இன் அடுக்குல ஒண்ணு கொறைஞ்சு வர்ற எண்ணுங்களுக்கு மெர்சென் எண்கள்னு பேரு, 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு பாதிரியார் மரைன் மெர்சென் பேர்ல. 3, 7, 31, 127 எல்லாம் இந்த குடும்பம், எல்லாம் பகா எண். ஆனா 2^11 - 1 (2ஐ 11 தடவை பெருக்கி ஒண்ணு கொறைச்சது) போட்டா 2047, அது 23 × 89, போச்சு. அடுக்கு பகா எண்ணா இல்லைன்னா கேக்கவே வேண்டாம், கண்டிப்பா உடையும். 15ஐ எடுத்துக்கங்க, அது 3 × 5, அதனால 2^15 - 1 ஆன 32767ஐ 2^3 - 1 ஆன 7உம் வகுக்கும், 2^5 - 1 ஆன 31உம் வகுக்கும். அடுக்கு பகா எண்ணா இருந்தா வாய்ப்பு இருக்கு, அவ்ளோதான், உத்தரவாதம் கெடையாது.

31 பகா எண், சரி. அப்ப 2^31 - 1? இத்தாலியில பொலோன்யாவைச் சேர்ந்த பியெத்ரோ கட்டால்டின்னு ஒருத்தர் 1588வாக்குல 2^17 - 1, 2^19 - 1 ரெண்டும் பகா எண்ணுன்னு நெஜமாவே வகுத்துப் பாத்து நிரூபிச்சாரு. 2^19 - 1ங்கறது 524287, அதோட வர்க்கமூலம் 724, அவர்கிட்ட 750 வரைக்கும் பகா எண் பட்டியல் இருந்துச்சு, அதனால முடிஞ்சுது. அதோட நிறுத்தியிருக்கலாம். 23, 29, 31, 37 இந்த நாலு அடுக்குக்கும் பகா எண்ணுதான் வரும்னு சேத்து சொல்லிட்டாரு, அதுல 23உம் 37உம் தப்புன்னு 1640ல பிரெஞ்சு கணித மேதை ஃபெர்மா காட்டினாரு, 29 தப்புன்னு 1738ல ஸ்விட்சர்லாந்து கணித மேதை ஆய்லர் காட்டினாரு, மிச்சம் நின்னது 31 மட்டும்தான். நாலுக்கு ஒண்ணு. இதை நான் கட்டால்டி கண்டுபிடிச்சதா கணக்குல சேக்க மாட்டேன், குத்துமதிப்பா சொன்னது ஒண்ணு பலிச்சுதுன்னு வேணா சொல்லலாம். மெர்சென்னும் 1644ல ஒரு பட்டியல் போட்டாரு, 257 வரைக்கும் எந்தெந்த அடுக்குக்கு பகா எண் வரும்னு, அதுலயும் 31 இருந்துச்சு, ஆனா அதே பட்டியல்ல 67, 257ன்னு ரெண்டு தப்பும் இருந்துச்சு, 61, 89, 107 மூணும் விட்டுப்போயிருந்துச்சு. அதனால 31க்கு அவர் சொன்னதையும் சாட்சியா எடுத்துக்க முடியாது.

நெஜமான நிரூபணம் வந்தது 1772ல. ஆய்லர் அப்ப செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்தாரு, அறுபத்தஞ்சு வயசு, முந்தின வருஷம்தான் கண்ணுல புரை ஆபரேஷன் சரியா வராம கிட்டத்தட்ட மொத்த பார்வையும் போயிருந்துச்சு. அந்த நெலமையில கணக்குக்குப் பேர்போன பெர்னூலி குடும்பத்துல ஒருத்தருக்கு எழுதின கடிதத்துல, 2147483647 பகா எண்ணுதான், சரி பாத்துட்டேன்னு சொல்றாரு.

எப்படி சரி பாத்தாரு? இங்கதான் விஷயம் ருசியா இருக்கு, கொஞ்சம் மெதுவா போலாம்.

சாதாரணமா ஒரு எண் பகா எண்ணான்னு பாக்கணும்னா அதோட வர்க்கமூலம் வரைக்கும் இருக்கற எல்லா பகா எண்ணாலயும் வகுத்துப் பாக்கணும். 2147483647க்கு வர்க்கமூலம் 46340 சொச்சம். அது வரைக்கும் பகா எண்ணுங்க 4,800க்கு கொஞ்சம் கம்மி. பத்து இலக்க எண்ணை கையால அத்தனை தடவை வகுக்கறதுங்கறது, பார்வை இருக்கறவனுக்கே சாமானிய வேலை இல்ல. ஆய்லர் என்ன பண்ணாருன்னா, வகுக்கறதுக்கு முன்னாடியே, இதை வகுக்கற தகுதி எந்தெந்த எண்ணுக்கு இருக்குன்னு சலிச்சாரு.

ஒரு பகா எண் 2^31 - 1ஐ மீதி இல்லாம வகுக்குதுன்னு வெச்சுக்கங்க. அப்ப 2^31ஐ அந்த எண்ணால வகுத்தா மீதி 1. இப்ப 2, 4, 8, 16ன்னு 2இன் அடுக்குகளை வரிசையா எழுதி ஒவ்வொண்ணையும் அந்த பகா எண்ணால வகுத்து மீதியை மட்டும் பாத்துட்டே போனா, எங்கயோ ஒரு எடத்துல 1 வரும், அங்கேருந்து மறுபடி அதே சுத்து. 31ஆவது எடத்துல 1 வருதுன்னா சுத்தோட நீளம் 31ஐ சரியா வகுக்கணும், 31ஓ பகா எண், அதனால நீளம் 1 இல்லன்னா 31. 1ஆ இருக்க முடியாது, ஏன்னா 2ஐ வகுத்து மீதி 1 வரவைக்கற பகா எண் கெடையாது. ஆக நீளம் 31. இன்னொரு பக்கம் ஃபெர்மாவோட சின்ன தேற்றம் ஒண்ணு இருக்கு, 2ஐ அந்த பகா எண்ணுக்கு ஒண்ணு கொறைவான அடுக்குக்கு ஒசத்தினாலும் மீதி 1தான் வரும்னு. அப்ப அந்த பகா எண்ணுல ஒண்ணு கொறைச்சா அது 31இன் மடங்கா இருந்தே ஆகணும். பகா எண் ஒற்றைப்படை, ஒண்ணு கொறைச்சா இரட்டைப்படை, அதனால 62இன் மடங்கு. இந்த ஒரே அடியில ஆயிரக்கணக்கான எண்ணுங்க வெளிய போயிடுச்சு. கட்டால்டியைக் கவுத்த எண்ணுங்களும் இதே வார்ப்புதான், 2^23 - 1ஐ வகுக்கற 47ல ஒண்ணு கொறைச்சா 46, அது 23இன் ரெண்டு மடங்கு, 2^29 - 1ஐ வகுக்கற 233ல ஒண்ணு கொறைச்சா 232, அது 29இன் எட்டு மடங்கு.

அதோட விடல ஆய்லர். 2^31க்கு மீதி 1ன்னா 2^32க்கு மீதி 2. ஆனா 2^32ங்கறது 2^16இன் வர்க்கம். அதாவது அந்த பகா எண்ணோட மீதிக் கணக்குல 2ங்கறது ஒரு முழு வர்க்கமா ஆயிடுது. அப்படி ஆகணும்னா அந்த பகா எண்ணை 8ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7தான் வரணும், 3, 5 வந்தா நடக்காது. இந்த ரெண்டு நிபந்தனையையும் சேத்துப் பாத்தா, வகுக்கற தகுதி இருக்கற எண்ணுங்களை 248ஆல வகுத்தா மீதி 1 வரணும் இல்லன்னா 63 வரணும், வேற எதுவும் செல்லாது. 46340 வரைக்கும் இந்த மாதிரி எண்ணுங்க 63ஐ விட்டுட்டா, மொத்தம் 372. அதுலயும் பகா எண்ணா இருக்கறது மட்டும் போதும்னா சுமார் 80தான் மிஞ்சும். ஆரம்பத்துல பாருங்க, 249 மூணால போகும், 311 பகா எண், வகுத்துப் பாக்கணும், 497 ஏழால போகும், 559 பதிமூணால போகும், இப்படியே போனா அடுத்து வகுக்க வேண்டியது 1303, அப்புறம் 1489. 1500 வரைக்கும் மொத்தமே மூணே மூணு வகுத்தல். 311ஆல வகுத்தா 35 மீதி, ஆகல. இப்படி கடைசி வரைக்கும் எதுவும் ஆகல. 4,800 கிட்ட இருந்த வேலை ஒரு சாயங்காலத்துல முடியற வேலையா சுருங்கிடுச்சு. ஆய்லர் மனக்கணக்குல பெரிய ஆளு, பக்கத்துல எழுதித்தர உதவியாளருங்களும் இருந்தாங்க, ஆனா இங்க ஜெயிச்சது மனக்கணக்கு வேகம்னு நான் நெனைக்கல, அந்த 248தான்.

அதுக்கப்புறம் தொண்ணூத்தஞ்சு வருஷம் உலகத்துல தெரிஞ்ச பெரிய பகா எண் இதுதான். 1867ல ஃபிரான்ஸ்ல லாண்ட்ரி 2^59 - 1ஐ 179951ஆல வகுத்து மிச்சம் வந்த 3203431780337 பகா எண்ணுன்னு காட்டினப்பதான் அந்த பட்டம் கைமாறுச்சு. ஒம்பது வருஷம் கழிச்சு அதே ஃபிரான்ஸ்ல லூக்காங்கறவர் ஒரே தாவா 39 இலக்கம் இருக்கற 2^127 - 1க்குப் போயிட்டாரு. இப்ப அக்டோபர் 2024ல அறிவிச்சது 2^136279841 - 1, நாலு கோடியே பத்து லட்சத்துச் சொச்சம் இலக்கம், அந்த பக்கம் நான் போகல.

நடுவுல ஒரு தமாஷ். ஒரு எண்ணை வகுக்கற சின்ன எண்ணெல்லாம் கூட்டினா அதே எண் வந்தா அதுக்கு நிறைவெண்ணுன்னு பேரு, 6க்கு 1 + 2 + 3, 28க்கு 1 + 2 + 4 + 7 + 14. ஒரு மெர்சென் பகா எண் கெடைச்சா ஒரு நிறைவெண் இலவசம், இது யூக்ளிட் காலத்துலேருந்து தெரியும். 2147483647ஐ 2^30ஆல பெருக்கினா 2305843008139952128, எட்டாவது நிறைவெண், பத்தொம்பது இலக்கம். இங்கிலாந்துல பீட்டர் பார்லோன்னு ஒரு கணக்கு வாத்தியாரு 1811ல இதைப் பத்தி எழுதறப்ப, இதுதான் மனுஷன் கண்டுபிடிக்கப்போற கடைசி நிறைவெண், இதெல்லாம் சும்மா வேடிக்கைக்குத்தானே தவிர பிரயோஜனம் கெடையாது, அதனால இதுக்கு மேல ஒருத்தனும் தேட மாட்டான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இன்னிக்கு தெரிஞ்ச நிறைவெண் 52. பிரயோஜனம் இல்லைன்னா மனுஷன் செய்ய மாட்டான்னு நம்பினாரு பாருங்க, அங்கதான் கோட்டை விட்டாரு.

இப்ப இதே நம்பரை சரி பாக்க வகுத்தலே தேவையில்ல. லூக்கா ஆரம்பிச்சு 1930கள்ல அமெரிக்காவோட லேமர் செதுக்கின முறையில, 4ல ஆரம்பிக்கணும், வர்க்கம் எடுத்து 2 கொறைக்கணும், மறுபடி வர்க்கம், மறுபடி 2 கொறைக்கணும், பெருசாயிடுச்சுன்னா நம்ம நம்பரால வகுத்து மீதியை மட்டும் வெச்சுக்கணும். 4, 14, 194, 37634, 1416317954ன்னு போகும், அதுக்கப்புறம்தான் மீதி எடுக்க வேண்டி வரும். இப்படி 29 தடவை பண்ணி கடைசியில சரியா சுழியம் வந்தா பகா எண். வரும்.

இனி கம்ப்யூட்டர் பக்கம். 1964ல ஐபிஎம் அறிவிச்ச சிஸ்டம் 360 வரிசையில ஒரு வேர்டுக்கு, அதாவது மெஷின் ஒரே மூச்சுல கையாள்ற துண்டுக்கு, 32 பிட் (0 இல்லன்னா 1 வெக்கற ஒரு எடம்தான் பிட்). ஒரு கேரக்டருக்கு 8 பிட், நாலு சேத்தா 32, அட்ரஸ் பண்றதுக்கும் சௌகரியம், இந்த மாதிரி ஹார்ட்வேர் காரணத்துக்காக வந்த அளவு அது, எந்த பகா எண்ணையும் நெனைச்சு வந்ததில்ல. 32 பிட்ல நெகட்டிவ் எண்ணும் வேணும்னா பாதி எடத்தை அதுக்கு விடணும். அதனால மேல இருக்கற ஒரு பிட் குறியைச் சொல்ல போயிடும், மிச்சம் 31 பிட், அதுல எல்லாத்தையும் 1ஆ வெச்சா 2147483647. கீழ் பக்கம் -2147483648 வரைக்கும் போகும், சுழியம் பாசிட்டிவ் பக்கத்துல ஒரு எடம் எடுத்துக்கறதால மேல ஒண்ணு கம்மி. இந்த ஒண்ணு வித்தியாசத்தால ஒரு விநோதம் உண்டு, ஜாவாவுல -2147483648க்கு குறியை எடுத்துட்டு மதிப்பை மட்டும் குடுன்னு கேட்டா மறுபடி -2147483648தான் குடுக்கும், ஏன்னா அதோட பாசிட்டிவ் ஜோடிக்கு எடமே இல்ல.

உச்சத்துல இருக்கறப்ப இன்னும் ஒண்ணு கூட்டினா? பழைய பைக் மீட்டர் 99999 தாண்டினா 00000க்கு வருமே அந்த மாதிரிதான், ஆனா இங்க சுழியத்துக்கு வராம நேரா அடிமட்ட நெகட்டிவ்க்குப் போய் விழும். ஜாவாவுல இது விதியே, சி மொழியில இப்படி நடந்தா என்ன வேணா ஆகலாம்னு கை கழுவிட்டாங்க, பைத்தான்ல எண்ணு எவ்ளோ பெருசானாலும் எடம் குடுத்துக்கிட்டே போகும். அதான் பைத்தான்லயே கோடிங் கத்துக்கிட்டவங்களுக்கு இந்த நம்பர் மேல பயமே இருக்காது. மத்தவங்களுக்கு கூடவே சில எல்லைகளும் மனப்பாடம் ஆயிடும், 12 ஃபேக்டோரியல் (1லேருந்து 12 வரைக்கும் எல்லாத்தையும் பெருக்கினது) 47,90,01,600 உள்ள அடங்கும், 13 ஃபேக்டோரியல் அடங்காது, 46340ஐ வர்க்கம் எடுக்கலாம், 46341ஐ எடுத்தா நெகட்டிவ் வரும். அதே 46340தான், ஆய்லர் வகுத்துட்டு நின்ன எல்லை.

இங்க ஒண்ணு கவனிங்க. 8 பிட்டுக்கு உச்சம் 127, பகா எண். 16 பிட்டுக்கு 32767, அது 7 × 31 × 151. 32 பிட்டுக்கு நம்ம ஆளு, பகா எண். 64 பிட்டுக்கு 9223372036854775807, அடுக்கு 63, அதனால 7ஆல போகும், 73ஆல போகும், 127ஆல போகும், இன்னும் பெரிய காரணிங்களும் இருக்கு. நாலுல ரெண்டுக்கு மட்டும் அமைஞ்சது. இன்ஜினியருங்க 8, 16, 32, 64ன்னு இரட்டிப்பாக்கிட்டுப் போனாங்க, ஒண்ணு கொறைச்சப்ப 7, 15, 31, 63 ஆச்சு, அதுல 7உம் 31உம் பகா எண்ணா இருந்தது தற்செயல், 31க்கு மெர்சென் எண்ணும் பகா எண்ணா வந்தது அதைவிட தற்செயல். 2147483647 வரைக்கும் மொத்த பகா எண்ணுங்க 10,50,97,565, அதாவது சுமாரா இருபதுல ஒண்ணு. சும்மா கண்ணை மூடிட்டு இந்த அளவுல ஒரு எண்ணை எடுத்தா பகா எண்ணா இருக்க அவ்ளோதான் வாய்ப்பு.

சுவருல முட்டினவங்க பட்டியல் பெருசு. எல்லாருக்கும் தெரிஞ்சது யூடியூப், கொரியப் பாடகர் சைய்யோட கங்னம் ஸ்டைல் வீடியோ 2014 டிசம்பர்ல இந்த எண்ணிக்கையைத் தாண்டுச்சு, ஒரு வீடியோவை இத்தனை தடவை பாப்பாங்கன்னு நெனைச்சே பாக்கலன்னு அவங்களே சொன்னாங்க, ஆனா கவுன்ட்டர் ஒண்ணும் உடைஞ்சு போகல, முன்னாடியே சுதாரிச்சு 64 பிட்டுக்கு மாத்தி வெச்சிருந்தாங்க. இப்ப எல்லை 92 ஆயிரம் கோடி கோடிக்கு மேல. ஜிடிஏ 5 வீடியோ கேம்ல ஸ்டோரி மோட்ல எவ்ளோ சம்பாதிச்சாலும் பணம் 2,147,483,647 டாலர்ல நிக்கறதும் இதனாலதான். ஜாவாவோட லைப்ரரியில பைனரி சர்ச் (வரிசைப்படுத்தின பட்டியலைப் பாதி பாதியா வெட்டித் தேடற முறை) கோடுல ரெண்டு இன்டெக்ஸைக் கூட்டி ரெண்டால வகுக்கற ஒரு வரி இருந்துச்சு, பட்டியல் ரொம்ப பெருசா இருந்தா அந்த கூட்டல் இந்த எல்லையைத் தாண்டி நெகட்டிவ் ஆகும், வருஷக்கணக்கா யாரும் கண்டுக்காம கெடந்து 2006லதான் வெளிய வந்துச்சு. ஜாவாஸ்க்ரிப்ட்ல டைமர் வெச்சா 2147483647 மில்லி செகண்டுக்கு மேல வெக்க முடியாது, அது 24.8 நாள், ஒரு மாசம் கழிச்சு ஓடுன்னு சொன்னா உடனே ஓடிடும்.

விமான கதை வேற லெவல். 2015ல அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787க்கு ஒரு உத்தரவு போட்டுச்சு, தொடர்ந்து 248 நாள் பவர் ஆஃப் பண்ணாம வெச்சிருந்தா ஜெனரேட்டர் கன்ட்ரோல் யூனிட்டுங்க தானா பாதுகாப்பு மோடுக்குப் போயிடும், நாலும் ஒண்ணா ஸ்டார்ட் ஆகியிருந்தா ஒண்ணாவே போயிடும், விமானத்துல கரண்ட்டே போயிடலாம், அதனால நடுவுல ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு. உள்ள ஒரு சாஃப்ட்வேர் கவுன்ட்டர் நெரம்பி வழியுதுன்னு மட்டும்தான் உத்தரவுல காரணம் சொன்னாங்க. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, செகண்டுல நூறுல ஒரு பங்கா எண்ணிட்டே போனா 2^31 எட்டறதுக்கு ஆகறது 248.55 நாள். அதே 248ஐ மேல ஆய்லர் கணக்குல பாத்தோம், அது 8 × 31, இது நாளைக்கு 86,400 செகண்டுங்கறதால வந்தது, ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, யாராவது இதுல அர்த்தம் தேடி வீடியோ போட்டா நம்பாதீங்க.

அடுத்து வரப்போறது 2038. யூனிக்ஸ் சிஸ்டம்ஸ்ல நேரத்தை 1970 ஜனவரி 1லேருந்து எத்தனை செகண்ட் ஆச்சுன்னு எண்ணி வெக்கறாங்க. அதை 32 பிட்ல வெச்ச பழைய சிஸ்டம் எல்லாம் 2038 ஜனவரி 19, செவ்வாக்கிழமை, நம்ம நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 செகண்டுக்கு 2147483647ஐத் தொடும். அடுத்த செகண்ட் நெகட்டிவ், அதாவது தேதி 1901 டிசம்பருக்குப் போயிடும். லினக்ஸ் கெர்னல்ல 32 பிட் மெஷினுக்கும் இதுக்கு வழி 2020ல வந்த 5.6 வெர்ஷன்லேருந்து இருக்கு, நம்ம ஃபோன் லேப்டாப் எல்லாம் 64 பிட், அதனால வீட்டுல பயப்பட ஒண்ணும் இல்ல. எனக்கு கவலை எல்லாம் சுவத்துக்குள்ள, மெஷினுக்குள்ள பதிச்சு வெச்சுட்டு மறந்துபோன சின்ன சின்ன போர்டுங்க மேலதான், அப்புறம் மைஎஸ்க்யூஎல்ல தேதி, நேரம் வெக்கற டைம்ஸ்டாம்ப்ங்கற டைப், அது அந்த 2038 செகண்டோட முடிஞ்சுது. இருபது வருஷ வீட்டு லோனுக்கு கடைசி ஈஎம்ஐ தேதியை அந்த டைப்ல வெக்க முயற்சி பண்ணவங்களுக்கு 2038 எப்பவோ வந்துடுச்சு.

சரி, பகா எண்ணா இருக்கறதுக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொன்னேன்ல, ஒரே ஒரு எடத்துல அந்த தற்செயலை நல்லா உபயோகப்படுத்திக்கிட்டாங்க. ரேண்டம் நம்பர். மேல சொன்ன அதே லேமர் 1949ல ஒரு எளிமையான வழி சொன்னாரு, ஒரு எண்ணை எடு, ஒரு நிலையான எண்ணால பெருக்கு, இன்னொரு நிலையான எண்ணால வகுத்து மீதியை எடு, அதான் அடுத்த ரேண்டம் நம்பர், மறுபடி பெருக்கு. வகுக்கற எண் பகா எண்ணா இருந்து, பெருக்கற எண்ணையும் சரியா பொறுக்கினா, எல்லா மீதியும் ஒரு தடவை வந்து முடிஞ்சாதான் சுத்து திரும்பும். 32 பிட் மெஷின்ல வெக்கக்கூடிய ரொம்ப பெரிய எண்ணே பகா எண்ணா அமைஞ்சிருக்குன்னா வேற எதுக்குப் போகணும்? 1969ல ஐபிஎம் 360க்காக மூணு பேர் இதை 16807ஆல பெருக்கற மாதிரி செஞ்சாங்க, 1988ல பார்க், மில்லர் ரெண்டு பேரும் இதுதான் குறைஞ்சபட்ச தரமா இருக்கணும்னு கட்டுரை எழுதினாங்க, அது சி++ லைப்ரரியில இன்னிக்கும் இருக்கு.

ஏன் 16807? அது 7இன் அஞ்சாவது அடுக்கு. 7ஐ திரும்பத் திரும்ப பெருக்கி மீதி எடுத்தா 2147483646 மீதியும் ஒண்ணு விடாம வரும், ஆனா 7 ரொம்ப சின்னது, அடுத்தடுத்து வர்ற எண்ணுங்க ஒண்ணை ஒண்ணு காட்டிக் குடுத்துடும். அதனால 7இன் ஏதாவது ஒரு அடுக்கு வேணும், ஆனா அந்த அடுக்குக்கும் 2147483646க்கும் பொதுக் காரணி இருக்கக்கூடாது, இருந்தா சுத்து சின்னதாயிடும். 2147483646ஐ உடைச்சா 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. அடுக்கு 2, 3, 4 எல்லாம் இடிக்கும், இடிக்காத முதல் அடுக்கு 5. 1ல ஆரம்பிச்சா 16807, 282475249, 1622650073ன்னு போகும், பத்தாயிரமாவது எண் 1043618065, உங்க ப்ரோக்ராம் சரியா இருக்கான்னு பாக்க அந்த ஒரு எண்ணையே பரீட்சையா வெச்சாங்க. இன்னொரு சௌகரியமும் உண்டு, இந்த நம்பரால வகுக்க வகுத்தலே வேண்டாம், 2^31க்கு மீதி 1ங்கறதால, பெரிய விடையோட மேல் பிட்டுகளையும் கீழ் 31 பிட்டுகளையும் வெட்டிக் கூட்டினா மீதி வந்துடும், வகுத்தல்னா நேரம் தின்னும் அந்த காலத்து சிப்புல இது பெரிய விஷயம். இப்ப இந்த முறை பழசு, 214 கோடி எண்ணுல சுத்து முடியறதை இன்னிக்கு மெஷின் சில செகண்டுல தின்னுடும், பாஸ்வேர்ட் மாதிரி சமாச்சாரத்துக்கு தொடவே கூடாது.

கடைசியா ஒரு கணக்கு. 3ஐ அடுக்கா வெச்சா 7, 7ஐ அடுக்கா வெச்சா 127, 127ஐ அடுக்கா வெச்சா லூக்காவோட 39 இலக்க பகா எண். 5ஐ வெச்சா 31, 31ஐ வெச்சா நம்ம நம்பர். இப்படி மெர்சென் பகா எண்ணையே அடுக்கா வெச்சு மறுபடி பகா எண் வந்தது இன்னிக்கு வரைக்கும் தெரிஞ்சு நாலே நாலுதான், 7, 127, 2147483647, 2^127 - 1. அப்ப 2147483647ஐயே அடுக்கா வெச்சா? 2^2147483647 - 1, எழுதினா 64 கோடி இலக்கத்துக்கு மேல, அதை முழுசா எழுதி வகுத்துப் பாக்கறதெல்லாம் நடக்கற காரியமே இல்ல. ஆனா ஆய்லரோட சல்லடை இங்கயும் அப்படியே வேலை செய்யுது, இதை வகுக்கற பகா எண் எதுவா இருந்தாலும் அதுல ஒண்ணு கொறைச்சா 2147483647இன் இரட்டைப்படை மடங்கா இருக்கணும், அந்த பகா எண்ணை 8ஆல வகுத்தா 1 இல்லன்னா 7 மீதி வரணும். அந்த வரிசையில தேடி 1983ல ஒண்ணு கெடைச்சுது, 295257526626031. 2147483647ஐ 137490ஆல பெருக்கி ஒண்ணு கூட்டுங்க, அதான் வரும். 8ஆல வகுத்தா மீதி 7. நெஜமா வகுக்குதான்னு பாக்கணும்னா பைத்தான்ல பவர் ஃபங்ஷனுக்கு 2, 2147483647, 295257526626031 மூணையும் அதே வரிசையில குடுங்க, கண் இமைக்கறதுக்குள்ள 1னு விடை வந்துடும். வந்துச்சுன்னா 2^2147483647 - 1 பகா எண் இல்ல.